‘செய்’ – ஒரு வினைச்சொல்லின் வேர்வழி

நுழையும்முன்

நாள்தோறும் நாவில் புழங்கும் சொற்களின் வயதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. உழைத்துத் தேய்ந்த கருவியைப் போல அவை கைக்குப் பழகிவிடுகின்றன. அரசர் பெயரையும் ஊர்ப் பெயரையும் ஆராயும் நாம், ‘செய்’ என்னும் ஓரசைச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. அச்சொல்லின் முன்னோரைத் தேடிச் சென்றால், தமிழின் மிகப் பழைய நூலுக்கும் முற்பட்ட ஒரு காலத்தை அடைகிறோம். அக்காலத்தின் சான்றோ, எழுத்து வழக்கு இல்லாத மலைமொழிகளில் இன்றும் கேட்கிறது.

மொழிகள் சந்திக்கும் மலையூர்

குன்னூருக்கும் அருவங்காட்டுக்கும் இடையே நீலகிரி மலை இரயில் நின்று செல்லும் ஊர் வெலிங்டன். ஆங்கிலேயப் படைத்தலைவர் ஒருவரின் பெயரைத் தாங்குமுன் அவ்விடம் அருகிலுள்ள ஜெகதளா என்னும் படகர் ஊரின் பெயராலேயே அறியப்பட்டது. இன்று அங்கே மெட்ராஸ் படைப்பிரிவின் பயிற்சி மையமும் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியும் உள்ளன. தமிழையும் மலையாளத்தையும் கன்னடத்தையும் தெலுங்கையும் தாய்மொழியாகக் கொண்ட இளைஞர்கள் அப்படைப்பிரிவில் ஒருங்கே பயிற்சி பெறுகின்றனர். சுற்றியுள்ள ஊர்களில் படகர் மொழி வழங்குகிறது. மலையின் பிற பகுதிகளில் கோத்தர், தோடர், குறும்பர், இருளர் ஆகியோரின் மொழிகள் வழங்குகின்றன.

இவ்வாறு ஒரு சிறிய மலைநிலத்தில் பல திராவிட மொழிகள் அருகருகே வாழ்கின்றன. ஒரு சொல்லின் ஒலி ஒவ்வொரு மொழியிலும் எவ்வாறு அமைகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோர்க்கு இதனினும் நல்ல களம் அரிது. அதனாலேயே மொழியறிஞர்கள் இம்மலையை நாடி வந்தனர்.

இலக்கணத்தின் முன்மாதிரி வினை

தமிழ் இலக்கணத்தில் ‘செய்’ என்பது பல வினைகளுள் ஒன்று மட்டுமன்று. எல்லா வினைகளுக்கும் வாய்பாடாக நிற்கும் வினை அது. நடந்து, பாடி, ஓடி ஆகியவற்றைச் ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்கிறோம். உண்ண, காண ஆகியவற்றைச் ‘செய’ என்னும் வாய்பாட்டில் அடக்குகிறோம். செய்பவன், செயல், செய்பொருள் என்று வினைமுற்று உணர்த்தும் பொருள்களைப் பெயரிடும்போதும் இவ்வேரே துணை நிற்கிறது.

இவ்வாய்பாட்டு முறை தொல்காப்பியத்திலேயே நிலைபெற்றுவிட்டது. எனவே, தமிழின் மிகப் பழைய இலக்கணம் எழுந்த காலத்திலேயே இச்சொல் சகரத்தில் தொடங்கியது என்பது உறுதி. அதற்கு முன் அது எவ்வாறு ஒலித்தது? இவ்வினாவுக்கு விடை கூறத் தமிழ் நூல்களால் மட்டும் இயலாது. உறவு மொழிகளை நாட வேண்டும்.

உறவு மொழிகளின் சான்று

‘செய்’ என்னும் வினை திராவிட மொழிகளில் பின்வருமாறு அமைகிறது:

தமிழ் – செய்
மலையாளம் – செய் (செய்யுக)
தெலுங்கு – சேயு
கன்னடம் – கெய்
குடகு மொழி – கெய் (உழைத்தல்)
கோத்தர் மொழி, தோடர் மொழி – ககர ஒலியில் தொடங்கும் வடிவங்கள்
கோண்டி, குயி – ககர ஒலியில் தொடங்கும் வடிவங்கள்

மேற்காட்டிய மொழிகள் இரண்டு அணிகளாகப் பிரிந்து நிற்கின்றன. தமிழும் மலையாளமும் தெலுங்கும் சகரத்தைக் கொண்டுள்ளன. ஏனையவை ககரத்தைக் கொண்டுள்ளன. இவ்விரண்டனுள் எது பழையது?

இங்கே கோண்டியும் குயியும் சிறந்த சான்றுகளாகின்றன. நடு இந்தியாவில் வழங்கும் கோண்டியும் ஒடிசாவில் வழங்கும் குயியும் நீலகிரி மொழிகளிலிருந்து நெடுந்தொலைவில் உள்ளவை. அவை கோத்தரிடமிருந்தோ குடகரிடமிருந்தோ ககரத்தைக் கடன் பெற்றிருக்க இயலாது. தம்முள் தொடர்பற்ற, தொலைவிலுள்ள மொழிகள் ஒரே ஒலியைக் காட்டினால், அவ்வொலி அவற்றின் பொது முன்னோரிடமிருந்து வந்தது என்று கொள்வதே பொருந்தும். எனவே ‘கெய்’ என்பதே மூல வடிவத்துக்கு நெருக்கமானது. ‘செய்’ அதிலிருந்து திரிந்தது.

ஒரே ஒரு சொல்லைக் கொண்டு இம்முடிவுக்கு வந்தால் அது தற்செயல் என்று மறுக்க இடமுண்டு. ஆனால் இத்திரிபு பல சொற்களில் ஒழுங்காகக் காணப்படுகிறது. தமிழில் ‘செவி’ எனப்படுவது கன்னடத்தில் ‘கிவி’. கோத்தர் மொழியில் ‘கெவ்’. தமிழில் செந்நிறத்தைக் குறிக்கும் ‘செம்’ என்பதற்கு இணையாகக் கன்னடத்தில் ‘கெம்பு’ உள்ளது. தமிழின் ‘சிறு’ பழங்கன்னடத்தில் ‘கிறு’. நன்செய், புன்செய் என்னும் சொற்களில் வயலைக் குறிக்கும் ‘செய்’ என்னும் பெயர்ச்சொல்லும் கன்னடத்தில் ‘கெய்’ என்றே வழங்கும். மக்கள் சேர்ந்து வாழும் குடியிருப்பைப் பழந்தமிழ் ‘சேரி’ என்றது. கன்னடம் ‘கேரி’ என்கிறது. நீலகிரியில் கோத்தர் ஊர்களிலும் வீட்டு வரிசை கேரி என்றே சுட்டப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

அசோகரின் பாறைக் கல்வெட்டு, தெற்கே வாழ்ந்த அரசர்களைக் குறிப்பிடும்போது சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர் ஆகியோருடன் கேரளபுத்திரரையும் சுட்டுகிறது. இது பொ.ஆ.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தமிழ் நூல்கள் அவ்வரசர்களைச் சேரர் என்கின்றன. ‘கேர’, ‘சேர’ ஆகியவற்றை ஒரே பெயரின் ககர, சகர வடிவங்களாகக் கருதும் அறிஞர்கள் உளர்.

நா நகர்ந்த கதை

ககரம் ஏன் சகரமாயிற்று? இதற்கு நம் மரபிலக்கணத்தின் பிறப்பியலே விளக்கம் தருகிறது. முதல்நா முதல் அண்ணத்தைப் பொருந்தக் ககரம் பிறக்கும். இடைநா இடை அண்ணத்தைப் பொருந்தச் சகரம் பிறக்கும். நுனிநா நுனி அண்ணத்தைப் பொருந்த டகரம் பிறக்கும். வாயின் உட்புறத்திலிருந்து வெளிப்புறம் நோக்கி இவ்வொலிகள் வரிசையாக அமைந்துள்ளன.

இ, ஈ, எ, ஏ என்னும் உயிர்களை ஒலிக்கும்போது நாவின் முற்பகுதி மேலெழுகிறது. ‘கெய்’ என்று கூறத் தொடங்கும் நா, ககரத்தை ஒலிக்கும் கணத்திலேயே அடுத்து வரவுள்ள எகரத்துக்காக முன்னே நகரத் தொடங்குகிறது. அதனால் ககரத்தின் பிறப்பிடமும் சற்றே முன்னே தள்ளப்படுகிறது. பல தலைமுறைகளில் இந்நகர்வு வளர்ந்து, முதல் அண்ணத்து ஒலி இடை அண்ணத்து ஒலியாகிவிடுகிறது. மொழியியலார் இதனை அண்ணமாதல் என்பர்.

இங்கே கூர்மையான மாணவர் ஒரு தடையை எழுப்பலாம். அவ்வாறாயின், கெடு, கேள், கிளி, கிணறு, கீழ் ஆகிய சொற்களில் ககரம் மாறாமல் நிற்பது ஏன்? அச்சொற்களை உற்றுநோக்கினால் விடை புலப்படும். அவற்றில் முதல் உயிரை அடுத்து ட், ள், ண், ழ் என்னும் ஒலிகள் வருகின்றன. இவை நாவை மேல்நோக்கி வளைத்து ஒலிக்கப்படும் வளைநா ஒலிகள். அவற்றுக்காக நா பின்வாங்கி வளைய வேண்டியிருப்பதால், முன்னுயிரின் இழுப்பு தளர்கிறது. ககரம் தன் இடத்திலேயே நிலைத்துவிடுகிறது.

ஒரு விதியின் உண்மை, அது பொருந்தும் இடத்தில் மட்டுமன்றி, அது பொருந்தாத இடத்துக்கும் காரணம் கூற முடிவதில் உள்ளது. கீரி, கீரை போன்று இவ்விதிக்குள் எளிதில் அடங்காத சொற்களும் சில உள்ளன. அவற்றைத் தனித்தனியே ஆராய வேண்டும். தமிழில் சகரத்தில் தொடங்கும் எல்லாச் சொற்களும் ககரத்திலிருந்து வந்தவை என்றும் கொள்ளலாகாது. ‘செல்’ என்னும் வினைக்குக் கன்னடத்தில் ‘ஸல்’ என்பது இணையாகும். அங்கே ககரம் இல்லை. ஆகவே ‘செல்’ தொன்றுதொட்டே சகர இனத்தைச் சேர்ந்தது.

தெலுங்கிலும் சகரம் தோன்றியிருப்பதால் அது தமிழிலிருந்து பெற்றது என்று நினைத்தலும் பிழையாகும். தமிழில் ‘கெடு’ என நிற்கும் சொல் தெலுங்கில் ‘செடு’ ஆகிறது. ‘கிளி’ தெலுங்கில் ‘சிலுக’ ஆகிறது. வளைநா ஒலி கொணர்ந்த தடை தெலுங்கில் இல்லை. விதிகள் வேறுபடுவதால், இரு மொழிகளிலும் இம்மாற்றம் தனித்தனியே நிகழ்ந்தது எனத் தெளியலாம்.

மலையில் கேட்ட அறிஞர்கள்

தென்னிந்திய மொழிகள் தனியொரு குடும்பம் என்னும் கருத்தை 1816இல் எல்லிஸ் சான்றுகளுடன் முன்வைத்தார். 1856இல் வெளியான கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம், தோடர் மொழியையும் கோத்தர் மொழியையும் திராவிடக் குடும்பத்தில் சேர்த்து எண்ணியது. ஆனால் அம்மொழிகளின் ஒலிகளை நுணுகிக் கேட்டு, முறையாகப் பதிவு செய்யும் பணி அடுத்த நூற்றாண்டில்தான் நிறைவேறியது.

கனடா நாட்டில் 1904இல் பிறந்த எமனோ, 1935 முதல் 1938 வரை இந்தியாவில் களப்பணி செய்தார். நீலகிரியில் தோடர், கோத்தர், படகர் ஆகியோரின் பேச்சைக் கேட்டு ஒலிக்குறிகளால் எழுதிக்கொண்டார். கோத்தர் கதைகளை 1944 முதல் 1946 வரை தொகுதிகளாக வெளியிட்டார். தோடர் பாடல்களின் பெருந்தொகுப்பை 1971இலும், தோடர் இலக்கணத்தை 1984இலும் வெளியிட்டார். ஒரு சிறு மக்கள் குழுவின் வாய்மொழிக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு உழைப்பை அவர் அளித்தார்.

ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பரோ, ககரம் சகரமாகும் திரிபை விரிவாக ஆராய்ந்து 1943இல் கட்டுரை எழுதினார். பின்னர் இவ்விருவரும் இணைந்து 1961இல் திராவிட மொழிகளின் சொற்பிறப்பியல் அகராதியை வெளியிட்டனர். அதன் திருத்திய பதிப்பு 1984இல் வந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்குடும்பங்கள் அதில் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. நூற்றாண்டுகளாக எழுதப்பட்டுவரும் தமிழ்ச் சொல்லும், எழுத்தே காணாத தோடர் சொல்லும் அதன் ஒரே பதிவில் அருகருகே நிற்கின்றன.

வடகடல் நாட்டில் ஒரு வினை

நாவின் இயல்பு உலகெங்கும் ஒன்றே. ஆதலால் இத்தகைய மாற்றம் திராவிட மொழிகளுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள நார்வே நாட்டிலும் இதனைக் காணலாம். நார்வே மொழியில் ‘செய்தல்’ என்னும் பொருள்படும் வினை, எழுத்தில் ககரத்தின் எடுப்பொலியைக் குறிக்கும் எழுத்தோடு தொடங்குகிறது. ஆனால் மக்கள் அதனை யகரத்தில் தொடங்கி, ‘யோரெ’ என்பதற்கு நெருக்கமாக ஒலிக்கின்றனர். அண்டை நாடான சுவீடனிலும் யகரமே கேட்கிறது. டென்மார்க்கில் மட்டும் அதே வினை இன்றும் ககர ஒலியோடு வழங்குகிறது. முன்னுயிரின் அருகில் ககர இனம் இடம்பெயர்ந்த அதே கதைதான் அங்கும் நிகழ்ந்துள்ளது. டேனிய மொழி கன்னடத்தின் இடத்திலும், நார்வே மொழி தமிழின் இடத்திலும் நிற்கின்றன எனலாம்.

இவ்வினையின் பழைய வடிவம் பண்டை நார்சு மொழியில் ‘கெர’, ‘கெர்வ’ என்பதற்கு ஒத்திருந்தது. அதற்கும் முன்னே சென்றால், ‘ஆயத்தமான’ என்னும் பொருள் தரும் ஒரு பழைய செருமானியச் சொல்லை அடைகிறோம். ஆயத்தமாக்குதல் என்னும் பொருளே காலப்போக்கில் செய்தல் என விரிந்தது. அதே வேரிலிருந்து தோன்றி, கருவி, தளவாடம் என்னும் பொருளில் ஆங்கிலத்துக்குச் சென்ற சொல்தான் ‘கியர்’. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக வெலிங்டனுக்கு ஏறும் பேருந்தின் ஓட்டுநர், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மாற்றுகின்ற கியர், நார்வே வினையின் நெருங்கிய உறவினர்.

ஒப்புமையும் உறவும்

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நார்வே வினையும் ‘செய்தல்’ என்னும் பொருளுடையது. அதன் பழைய வடிவம் ககர இன ஒலியில் தொடங்குகிறது. கன்னடத்தின் ‘கெய்’ என்பதும் அவ்வாறே. அவ்வாறாயின் இரண்டும் ஒரே வேரினவோ?

அல்ல. முன்னோரைத் தேடிப் பின்னோக்கிச் செல்லும்போது, உறவுடைய சொற்கள் ஒன்றையொன்று நெருங்க வேண்டும். செய், கெய், சேயு ஆகியவை அவ்வாறு ஒரே புள்ளியில் கூடுகின்றன. நார்வே வினையோ பின்னோக்கிச் செல்லச் செல்ல ‘கெய்’ என்பதிலிருந்து விலகி, முதலில் அகரமும் இடையில் ரகர, வகரங்களும் கொண்ட வேறொரு வடிவத்தை அடைகிறது. பொருளும் ‘ஆயத்தம்’ என வேறாகிவிடுகிறது. இன்றைய ஒப்புமை தற்செயலானது.

இவ்வெச்சரிக்கை நம் மொழிக்குள்ளும் பொருந்தும். கையால் செய்வதால் ‘கை’, ‘கெய்’, ‘செய்’ மூன்றும் ஒன்றே எனக் கூறத் தோன்றும். ஆனால் ‘கை’ என்பதன் பழைய உயிர் அகரம். ‘கெய்’ என்பதன் உயிர் எகரம். ஆகவே சொற்பிறப்பியல் அகராதி இவற்றை இரு வேறு பதிவுகளாகவே தருகிறது. இனிமையான விளக்கம் எல்லாம் உண்மையான விளக்கம் ஆகிவிடாது. ஒலி ஒழுங்கே சொல்லாராய்ச்சியின் உரைகல்.

வினைகளின் ஏற்றமும் இறக்கமும்

சொற்களின் ஒலி மாறுவது போலவே, அவற்றின் ஆட்சியும் மாறுகிறது. பழங்கன்னடத்தில் பரவலாக வழங்கிய ‘கெய்’, இன்றைய கன்னடத்தில் ‘மாடு’ என்னும் வினைக்கு இடமளித்துவிட்டது. உழைப்பையும் உழவுப் பாட்டையும் குறிக்கும் சில சொற்களில் மட்டும் அது தங்கியுள்ளது.

தமிழிலும் இத்தகைய மாற்றம் நம் கண்முன்னே நிகழ்கிறது. எழுத்தில் ‘செய்’ என்கிறோம். பேச்சில் பெரும்பாலும் ‘பண்ணு’ என்கிறோம். ‘பண்ணுதல்’ என்பதும் பழைய தமிழ்ச் சொல்லே. தேர், யானை, குதிரை ஆகியவற்றைப் பூட்டி ஆயத்தம் செய்வதும், யாழைச் சுருதி கூட்டி அமைப்பதும் அதன் பழைய பொருள்கள். ஆயத்தமாக்குதல் என்னும் பொருளுடைய சொல் செய்தல் என்னும் பொதுப்பொருளுக்கு உயர்ந்தது நார்வேயில் மட்டுமன்று. நம் வீட்டு முற்றத்திலும் அதுவே நிகழ்ந்துள்ளது.

எழுத்தில்லா ஏடுகள்

எழுத்து வழக்கில்லாத மொழிகளைச் செம்மையற்றவை என்றும், பெரிய மொழிகளின் சிதைந்த வடிவங்கள் என்றும் கருதும் மனப்பான்மை நம்மிடையே இன்றும் உண்டு. ‘கேரி’ என்பதைச் ‘சேரி’ என்பதன் கொச்சை என்று நகைப்போரும் இருக்கக்கூடும். உண்மை அதற்கு நேர்மாறானது. இச்சொற்களைப் பொறுத்தவரையில் திரிந்தது நம் ஒலி; திரியாமல் நின்றது மலையின் ஒலி. தொல்காப்பியருக்கு முன்பே தமிழ் இழந்துவிட்ட ஓர் ஒலியைக் கோத்தரின் நாவும் தோடரின் நாவும் இன்றுவரை காத்துவந்துள்ளன. தமிழின் தொன்மையை நிறுவ விரும்புவோர்க்குத் தமிழ் ஏடுகளோடு இம்மொழிகளும் தேவைப்படுகின்றன.

தோடர் மொழியையும் கோத்தர் மொழியையும் யுனெசுகோ நிறுவனம் மிகக் கடுமையான அழிவு நிலையிலுள்ள மொழிகளின் வரிசையில் வைத்துள்ளது. படகர் மொழியும் அழியும் நிலையிலுள்ள மொழியாகவே குறிக்கப்பட்டுள்ளது. ஓலைச்சுவடி செல்லரித்தால், அதன் படி வேறோரிடத்தில் கிடைக்கலாம். பேசுவோரின்றி மறையும் மொழிக்குப் படி இல்லை. எமனோவைப் போன்றோர் எழுதிவைத்த பகுதி மட்டுமே எஞ்சும்; எழுதப்படாதன அனைத்தும் மறையும்.

பிள்ளைகள் வீட்டில் பேசுவதே ஒரு மொழிக்கு முதல் காப்பு. வகுப்பறையில் அம்மொழிக்கு மதிப்பு கிடைப்பது இரண்டாவது காப்பு. மலையூர்ப் பள்ளியில் பக்கத்து இருக்கையிலிருக்கும் மாணவர் தம் வீட்டு மொழியில் ஒரு சொல்லைக் கூறும்போது, அதனைப் பிழையெனத் திருத்த முற்படாமல், ஒரு கணம் செவிகொடுத்துக் கேட்போம். நம் சொல்லின் மூத்த வடிவம் அதில் ஒலித்துக்கொண்டிருக்கலாம்.

கற்பவை கற்றபின்...

1. கெ, கே, கி, கீ ஆகிய எழுத்துகளில் தொடங்கும் இருபது தமிழ்ச் சொற்களைத் திரட்டுக. அவற்றுள் எத்தனை சொற்களில் முதல் உயிரை அடுத்து வளைநா ஒலி வருகிறது எனக் கணக்கிட்டு, எஞ்சிய சொற்களைப் பற்றி வகுப்பில் கலந்துரையாடுக.

2. உங்கள் பகுதியில் தமிழுடன் வழங்கும் பிறமொழி ஒன்றைப் பேசுவோரிடம் காது, கண், வாய், நீர், தீ ஆகியவற்றுக்குரிய சொற்களைக் கேட்டறிந்து, தமிழ்ச் சொற்களோடு ஒப்பிட்டு அட்டவணைப்படுத்துக.

3. ‘செய்’, ‘பண்ணு’ ஆகிய இரு வினைகளும் உங்கள் வீட்டுப் பேச்சில் எவ்வெவ்விடங்களில் வருகின்றன என ஒருநாள் முழுவதும் குறித்துவைத்து, நீங்கள் கண்ட வேறுபாட்டை ஒரு பக்க அளவில் எழுதுக.